தேக்குக் காக்காவின் காடும் என் மொட்டைத் தென்னையும்

இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையோரத்தில் தேக்குக் காக்காவைப் போல என்னை வயிறெரிய வைத்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. கந்தோர் வேலையில் என்னை முந்திக்கொண்டு பதவி உயர்வு வாங்கியவர்களைக்கூட மன்னித்துவிட்டேன். இவரை முடியவில்லை.

வயதில் மூத்தவரை எங்களூரில் காக்கா என்போம். ஆள் மரவேலை செய்கிற ஓடாவி. யாரோ விற்ற உளுத்த பலகையில் அலுமாரி செய்து கொடுத்து ஊரிடம் ஏச்சு வாங்கிய பிறகு, தனக்கு வேண்டிய மரத்தைத் தானே வளர்ப்பதென்று மாவடிப்பள்ளிப் பக்கம் நாலு ஏக்கர் மேட்டுக்காணியில் தேக்கும் முதிரையும் வேம்பும் நட்டார். எல்லாரும் நெல்லும் தென்னையும் வைத்த ஊரில் காடு வைத்தவர் அவர் ஒருவர்தான். வேலிக்கு இந்தப் பக்கம் என் தென்னந்தோட்டம்.

எழுபதுகளின் கடைசியில் அது உண்மையான காடாகிவிட்டது. நடுவில் தண்ணீருக்கு ஒரு மடு வெட்டி, பறவைகளுக்கென்றே நாவலும் பாலையும் வைத்திருந்தார். முயல் வந்தது, உடும்பு வந்தது, மயில் வந்தது. என் தோட்டத்துக்கு அணில் மட்டும் வந்தது, அதுவும் குரும்பையைக் கடித்துப் போட. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக அவருடைய காட்டைப் பார்க்கப் போனார்கள். என் மனைவியும் போனாள்.

“அந்தக் காட்டுக்குள்ள போனா மனசு குளுந்து போகுது. நம்மட தோட்டத்துக்குள்ள போனா எப்ப தலையில தேங்கா விழும் எண்டு இரிக்கி.”

ஒருமுறை சாய்ந்தமருது ஹாஜியார் ஒருவர், மகளுடைய சீதன வீட்டுக் கதவுக்கு முதிரை கேட்டு வந்தார். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அறுத்துக் காயவைக்கவே அது சரியாகிவிடும். காக்கா வாளோடு போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வாளைக் கீழே வைத்தார். கிளையில் மாம்பழக்குருவிக் கூடு.

“குஞ்சு பறக்கட்டும் ஹாஜியார். ஒரு மாசம் பொறுங்க.”

“அப்ப கதவில்லாத வீட்டுலயா மாப்புள்ள குடியிருக்கிற?”

“சாக்கத் தொங்க விடுங்க. மாப்புள்ள ஓடிப் போகமாட்டாரு.”

சாக்குத்தான் தொங்கியது. மாப்பிள்ளையும் ஓடவில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் என் தென்னைகள் அத்தனையும் படுத்துவிட்டன. ஒன்று மட்டும் தலை முறிந்து மொட்டையாக நின்றது. அவருடைய காட்டில் ஓர வரிசைதான் விழுந்தது. விழுந்ததை அறுத்து, கூரை பறந்த வீடுகளுக்கு முகட்டு வளை மரமாகக் கொடுத்தார். எனக்கும் ஒன்று தந்தார். அன்றிலிருந்து மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே அவருடைய தேக்கு. பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஆத்திரத்தில் நானும் தேக்கு நட்டேன். ஏக்கருக்கு எத்தனை என்று யாரிடமும் கேட்கவில்லை. இடம் கண்ட இடமெல்லாம் நட்டேன். மூன்றாம் வருடம் காக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது தோட்டமா வேலியா? நெருக்கி நட்டா எல்லாம் கம்பாத்தான் போகும். கோணலையும் மெலிஞ்ச சோணியையும் வெட்டி எடுங்க, மத்தது பருக்கும்.”

என் தேக்கு தன்னுடையதை மிஞ்சிவிடும் என்று மனுஷனுக்குப் பயம் என்று நினைத்தேன். ஒன்றையும் வெட்டவில்லை. அவை கொடிக்கம்பம் போல உயர்ந்து, காற்றடித்தால் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன.

அப்போதுதான் அல்லாஹ் எனக்கும் ஒரு நாளைக் கொடுத்தான். இற்றுப்போன மொட்டைத் தென்னையின் பொந்தில் ஒரு சோடிக் கிளி குடியேறியது. காக்காவின் காட்டில் கிளி தின்னுமே தவிர ஒருநாளும் தங்கியதில்லை. பட்ட மரத்தையெல்லாம் அவர் பலகைக்கென்று துப்புரவாக வெட்டியிருந்தார்.

காலையும் மாலையும் வேலியோரம் வந்து நின்றார்.

“என்ட நாவப்பழத்தத் திண்டுட்டு உங்கட மொட்டையில போய்ப் படுக்குதுகள், தம்பி.”

“ஓம் காக்கா. அதுகளுக்கு இஞ்சதான் விருப்பம்.”

“ரெண்டு வளந்த தேக்குத் தாறன். அந்தத் தென்னங்குத்திய எனக்குத் தாங்க.”

நான் கொடுக்கவில்லை. குஞ்சுகள் பறக்கும்வரை அவருடைய முகத்தைப் பார்த்து ரசித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாரியில் காக்கா காய்ச்சலில் விழுந்தார். எழும்பவில்லை, சாப்பிடவில்லை, காட்டைப் பற்றிக்கூடப் பேச்சில்லை என்றார்கள். பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

“கிளி வந்திச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த மழையில் மொட்டைத் தென்னை வேரோடு விழுந்திருந்தது. கிளியும் இல்லை, பொந்தும் இல்லை.

“ரெண்டு சோடி வந்திரிக்கி, காக்கா.”

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கண்ணில் பழைய எரிச்சல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை கூடிவிட்டது.

“ரெண்டில்ல, ஆறு சோடி” என்றேன்.

“ஆறா?” என்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

நாலாம் நாள் பொல்லை ஊன்றிக்கொண்டு வேலிக்கே வந்துவிட்டார். விழுந்து கிடந்த குற்றியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆறு சோடியும் எங்க படுக்குதுகள், தம்பி?”

“உங்கட காட்டுலதான், காக்கா.”

அவர் திரும்பி, மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கால் இன்னும் தள்ளாடியது. நான் வேலியைத் தாண்டிப் போய்க் கையைப் பிடித்தேன். வீட்டுவாசல் வரைக்கும் விடவில்லை.