பதவியேற்ற நோயாளி

நோயாளிகளில் எத்தனையோ வகை உண்டு. வாய் திறக்காமல் படுத்துவிடுகிறவர், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே நடமாடுகிறவர், மருந்துக் கடைக்காரரையே குடும்ப டாக்டராக நியமித்துக்கொள்கிறவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானும் பாதி கடித்துப் பார்க்கிறவர் என்று நீங்கள் எல்லாரையும் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். இதோ வருகிறார் ஆராய்ச்சி நோயாளி! மற்றவர்களுக்கு நோய் வரும், போகும். இவர் நோயை வகிக்கிறார்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கை விரல்களில் முடக்குவாதம். காலையில் எழுந்தால் மடங்கவே மாட்டோம் என்று விரல்கள் அடம்பிடிக்கும். கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகாணியை முடுக்கிப் பிழைக்கிற மனிதருக்கு இது சின்னச் சங்கடமா? வலி நிஜம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வலியைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்பதுதான் அவருக்குப் பெரிய வலி. வீட்டில் "ஐயோ..." என்று இழுத்தால், "வெந்நீர் வெச்சிருக்கேன், கையை விடுங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள் மனைவி. போனில் மகள், "உடம்பைப் பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லி அவசரமாக வைத்துவிடுவாள். கடைக்கு வருகிறவர்களோ, கட்டைவிரலைத் தாண்டி அவர் சுட்டுவிரலுக்கு வருவதற்குள், "அண்ணே, என் கண்ணாடி ரெடியா?" என்பார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, முடக்குவாதக்காரர்களைப் பல வருஷம் கூடவே தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆராய்ச்சி நடக்கப்போவதாகவும், விருப்பமிருந்தால் சேரலாம் என்றும் சொல்லிவிட்டு, "உங்களை மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார்.

இந்த வாக்கியத்தை அவரிடம் கடைசியாகச் சொன்னவர் அவருடைய மாமனார். அவரும் பிற்பாடு வருத்தப்பட்டார்.

முதல் நாளே தனி அறை, மெத்தை நாற்காலி. எதிரே ஒரு நர்ஸ், கையில் பேனாவோடு.

"வலி எப்படி இருக்கு சார், சொல்லுங்க."

"முழுசாவா?"

"முழுசா."

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "சிஸ்டர், உங்க கேள்வியிலேயே ஒரு குறை இருக்கு. வலி எப்படி இருக்குன்னு மொட்டையா கேட்டா எப்படி? குத்தல் வேற, குடைச்சல் வேற. கடுப்பு வேற, உளைச்சல் வேற. காலையில குடைஞ்சது சாயங்காலம் விண் விண்ணுன்னு தெறிக்கும். அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

நர்ஸ் யோசித்தாள். "மற்றவைன்னு ஒண்ணு இருக்கு சார். அதுல போட்டுக்கலாம்."

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் போனவர் ஒருவர், வெளியே வந்தவர் வேறொருவர். நடையே மாறிவிட்டது. ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைத் தானாக விழும்வரை பிய்க்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். 'நான்' போய் 'நாங்க' வந்தது. "போன வாரம் எங்க குழு ரத்தம் எடுத்துச்சு" என்பார். எடுத்தது குழு, ரத்தம் என்னவோ இவருடையதுதான். பார்வைச் சோதனைக்கு உட்கார்ந்த வாடிக்கையாளர் நடு எழுத்தில் தவித்துக்கொண்டிருக்க, "இன்னும் கொஞ்ச வருஷத்துல நாங்க இதுக்கு ஒரு முடிவு கட்டிடுவோம்" என்று முழங்குவார். வீட்டில் ஜாடி மூடியைத் திறக்கச் சொன்னால், "இது ஆராய்ச்சிக் கை. கண்டதைத் திருகினா அளவு கெட்டுடும்" என்று விரல்களை விரித்துக் காட்டுவார்.

"புலம்பறதுக்குப் பேரு ஆராய்ச்சின்னா, இத்தனை வருஷமா நான் விஞ்ஞானியோடயா குடும்பம் நடத்தினேன்?" என்பாள் மனைவி.

இந்த நிலையில் ஆராய்ச்சிக்குப் புதிதாக ஒரு தேவை வந்தது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில், அதே சாப்பாடு சாப்பிடுகிற ஆரோக்கியமான ஓர் ஆள் வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் முகமெல்லாம் ஜொலிக்க வீட்டுக்கு ஓடிவந்தார். மனைவி சட்டென்று ஒப்புக்கொண்டாள்.

"வர்றேன். உங்க புலம்பலை அவ்வளவு நேரம் உக்காந்து கேக்குதே, அந்தப் பொண்ணை நான் ஒருதரம் பாக்கணும்."

பஸ்ஸில் போகும்போதே பயிற்சி தொடங்கிவிட்டது. "அங்க நீ எதுவும் பேச வேண்டாம். சும்மா ஆரோக்கியமா இரு, போதும்."

அவளும் சும்மா ஆரோக்கியமாகத்தான் உட்கார்ந்தாள். நர்ஸ் கைப்பிடிக் கருவி ஒன்றைக் கொடுத்து, பலம் உள்ளமட்டும் அமுக்கச் சொன்னாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். பிடியின் பலத்தைக் காட்டும் முள் தூக்கத்தில் புரண்டதுபோல லேசாக அசைந்து, மறுபடி படுத்துக்கொண்டது.

"கருவி ரிப்பேரு சிஸ்டர், இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, கண்ணாடிக் கடைக்காரர் ஓர் அமுக்கு அமுக்கினார். முள் விறைப்பாக எழுந்து நின்று சலாம் போட்டது. அவர் அவசரமாகக் கையை உதறி, "ஸ்ஸ்..." என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மா வந்து அவள் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"காலையில கொஞ்சம் மடங்காது டாக்டர். வயசானா எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு சொல்லுங்க."

"ரெண்டு."

டாக்டர் ஒரு கணுவை மெல்ல அழுத்தினார். அவள் உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ரெண்டா?"

"அவருக்கே ஏழுங்கறாரு டாக்டர். அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் நோயாளியாயிட்டா வெந்நீர் யாரு வெக்கிறது?"

ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்தபின் டாக்டர் சொன்னார்: "நல்லவேளை வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரல் கோணியிருக்கும். திரும்ப நிமிர்த்தவே முடியாது." ஆரோக்கியமானவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயர் அடிக்கப்பட்டது.

அப்போது கண்ணாடிக் கடைக்காரர் மனதில் முதலில் என்ன தோன்றியது என்கிறீர்கள்? துக்கமா? பதற்றமா? பொறாமை ஐயா, பொறாமை! தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டதைப் போன்ற சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளுக்கு விடாமல் தானே பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தார். அவள் கதவை இடுப்பால் தள்ளினாள். குழாயை முழங்கையால் திருப்பினாள். பாத்திரத்தைக் கைப்பிடியில் தூக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி அடுப்பில் வைத்தாள். இதெல்லாம் அவளுடைய பாணி என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க இடைவெளி விட்டீங்க?"

அன்று வெந்நீரை அவரே வைத்தார். பழக்கதோஷத்தில் தன் கையை விடப்போனவர், சட்டென்று இழுத்துக்கொண்டு பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரல்களை நனைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணாடிக் கடைக்காரர் 'ஐயோ' என்றுகூடச் சொல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ஒரே வாரத்தில் புதுப் பதவி ஏற்றுக்கொண்டார். இப்போது அவர் நோயாளியின் கணவர்! "என்னோடதெல்லாம் என்னங்க வலி, எங்க வீட்டுல வந்து பாருங்க!" என்று கடையில் மார்தட்டினார். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவள் வாயைத் திறக்குமுன், "ஏழு சொல்லு, ஏழு!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நர்ஸ் அவரை வெளியே உட்காரச் சொன்னாள். அவர் கதவோரம் நின்றுகொண்டார்.

"சொல்லுங்கம்மா, வலி எவ்வளவு?"

"எட்டு" என்றாள் மனைவி, ஒரு நொடியும் தயங்காமல். "அதுல அஞ்சு மூட்டு. மூணு இவரு."

நர்ஸுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மனைவியும் சிரித்தாள். கதவோரம் நின்றவர் தலையை நீட்டி, "பாத்தீங்களா என்ன துல்லியம்! எங்க வீட்டு ஆளு!" என்று பூரித்துப்போனார்.

மருந்து வேலை செய்தது. சில மாதங்களில் அவள் ஈரப் போர்வையைத் தன் கையாலேயே முறுக்கிப் பிழிந்தாள். பக்கத்தில் நின்ற கணவர் தொப்பலாக நனைந்தார். நனைந்தபடியே பால்கனிக்கு ஓடி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "இன்னொருதரம் பிழி, இன்னொருதரம் பிழி" என்று குதித்தார். ஒரே ஒரு கஷ்டம்தான். இத்தனை வருஷம் அடைத்துவைத்த பேச்சை அவள் திறந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் இப்போது அவள் பேசுகிறாள், அவர் 'உம்' கொட்டுகிறார். அதையும் நன்றாகவே கொட்டுகிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே கழுத்தை ஒருதரம் தேய்த்துக்கொண்டீர்களே, அதை நான் கவனிக்காமல் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, இல்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். ஆரம்பிக்குமுன், கேட்கப்போகிறவர் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் எதற்காக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கேட்டதே இல்லையா? அப்படியானால் வாருங்கள், கண்ணாடிக் கடைக்காரர் விட்டுப்போன பதவி காலியாகத்தான் இருக்கிறது.