துணித் தவளைக்கு ஒரு வெள்ளிக் கோப்பை

மேடையேறிப் பாராட்டு வாங்க ஆசைப்படாத மனிதரே கிடையாது என்பார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். பாராட்டு விழா என்று யாராவது சொன்னால் எனக்கு மாலையின் மணம் வருவதில்லை. குளோரோபாம் வாடைதான் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியை. கல்யாணமாகி வந்த புதிது. உடம்பில் சதை குறைவு, உள்ளே கர்வம் அதிகம். வகுப்பின் முன்னால் தவளையை அறுத்துக் காட்டுவதும் என் வேலைகளில் ஒன்று. முதல் தடவை மயக்க மருந்தைச் சிக்கனமாக ஊற்றிவிட்டேன். வயிற்றைத் திறந்து, "இதோ பாருங்கள், இதயம்" என்று இடுக்கியால் சுட்டியபோது தவளை விழித்துக்கொண்டது. காலில் குத்தியிருந்த குண்டூசிகளோடு நகரப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள். அவளைச் சமாதானப்படுத்தப் போன நானும் எடுத்தேன். (அன்று தவளையின் வயிற்றோடு என் வயிற்றையும் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.)

அதற்குப் பிறகு கத்தியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. துணியில் ஒரு தவளை செய்தால் என்ன என்று தோன்றியது. கடைத்தெருவில் டைலர் காதர் பாயிடம் போனேன்.

"இன்னா டீச்சர், தவளைக்கு ஜாக்கெட்டா?"

"ஜாக்கெட் இல்ல பாய். தவளையே தெச்சித் தரணும்."

அவர் மிஷினை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அளவு வோணுமே. இடுப்பு எங்க கீது அதுக்கு?"

புத்தகத்துப் படத்தைக் காட்டினேன். பச்சை சாட்டின் துணியில் உடம்பு, வயிற்றில் பிரஸ் பட்டன். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் இதயம், பழைய கம்பளியில் மூன்று மடல் ஈரல், அதன் நடுவே பித்தப்பைக்கு ஒரு பச்சை மணி, குடலுக்குப் பாவாடை நாடா. நுரையீரல் இரண்டும் பலூன். குழாயில் ஊதினால் உப்பும். வாயை மட்டும் பாய் தன் இஷ்டத்துக்குத் தைத்துவிட்டார். தவளை சிரித்தது. பிள்ளைகள் உறுப்புகளை எடுத்தார்கள், பார்த்தார்கள், திரும்ப வைத்துப் பட்டனைப் போட்டார்கள். கடவுளின் தவளையில் இந்த வசதி கிடையாது.

விஷயம் ஊரில் அரிசி மில் வைத்திருந்த முதலாளி காதுக்குப் போனது. எறும்புக்கு ரவை போடுகிற மனிதர். பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சியில் எனக்கு வெள்ளிக் கோப்பை தருவதாக அறிவித்தார். அதைவிடப் பெரிய விஷயம், படித்தவர் ஒருவர் வந்து இது சரியான தவளைதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் தன் செலவிலேயே தைத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. விழாவுக்கு வெள்ளைச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். (வெள்ளை! என் புத்தியை என்ன சொல்ல.)

கண்காட்சியன்று காலையில் மதராஸிலிருந்து விலங்கியல் புரொபசர் வந்தார். கதர்ச் சட்டை, தடித்த கண்ணாடி, பதமான பேச்சு. கெட்டவர் என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. என் தவளையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"பிரமாதம் அம்மா. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் 'போல' என்று நான் கையெழுத்துப் போட முடியாதே. ஒத்துப் பார்க்க நிஜத் தவளை ஒன்று வேண்டும்."

பியூன் ஏகாம்பரம் முந்திக்கொண்டான். "ஏரில பேஜாரா கத்திக்கினு கீது சார். தோ, இட்டாரேன்."

ஒன்று கேட்டதற்கு ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தான். மேலே ஈரச் சாக்கு. சாக்கு அசைந்துகொண்டே இருந்தது.

முதல் தவளை வயிறு முட்டத் தின்றிருந்தது. ஈரல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்ததால் ஒப்பிட முடியாது என்றார். இரண்டாவது பெண். உடம்பெல்லாம் முட்டை, வேறெதுவும் தெரியவில்லை. அடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது, பித்தப்பை மட்டும் என் பச்சை மணியைவிடச் சற்றுத் தள்ளி இருந்தது. "இது இந்த ஒரு தவளையின் கோளாறா, இனத்தின் இயல்பா என்று பார்த்துவிட வேண்டும். அடுத்தது, அம்மா."

எடுத்துக் கொடுத்தவள் நான்தான். குளோரோபாம் தீர்ந்துவிட்டது. பிறகு ஊசி. தலைக்குப் பின்னால் ஊசி இறங்கும்போது பின்னங்கால்கள் விறைத்து நீண்டு என் மணிக்கட்டை ஒரு முறை உதைக்கும். அப்புறம் தளர்ந்துவிடும். தட்டில் இடமில்லாமல் மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து அவற்றை வரிசையாகக் கிடத்தினோம். பக்கத்தில் என் துணித் தவளை சிரித்துக்கொண்டிருந்தது.

"சார், இது போதாதா?"

"உங்கள் நன்மைக்குத்தானே பார்க்கிறேன். நாளைக்கு யாராவது தப்பு என்று சொல்லிவிட்டால்? அடுத்தது."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த வாளியோடு போய்விட்டால் இனி எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ வருஷம், எதுவும் சாக வேண்டாம். இப்போது நிறுத்தினால் கையெழுத்து இல்லை, எல்லாம் பழையபடி நடக்கும். கணக்கு சரியாகத்தான் வந்தது. அடுத்ததை எடுக்க வாளிக்குள் கையை விட்டேன். ஒன்று என் உள்ளங்கையில் தானாக ஏறி உட்கார்ந்தது.

வாளி கவிழ்ந்தது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். இல்லை, கவிழ்த்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி மாலையும் கையுமாக, பெரிய மனிதர்கள் சூழ உள்ளே வந்தார். ஒரு தவளை அவருடைய வேட்டியில் தாவியது. எல்லா உயிரையும் நேசிக்கிற அந்த மனிதருக்குத் தவளை என்றால் பயம் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. நாற்காலிமேல் ஏறி நின்று அலறினார்.

"அய்யோ! அடிங்கடா! அடிச்சிக் கொல்லுங்கடா அத்த!"

ஏகாம்பரம் எஜமான விசுவாசி. துடைப்பக்கட்டையைத் திருப்பிப் பிடித்தான். கூட வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். புரொபசர் மட்டும், "உள்ளே நசுங்காமல் அடியுங்கள்! வேண்டியிருக்கிறது!" என்று கத்தினார். நான் கதவுப் பக்கம் துரத்த ஓடி, வழுக்கி, அவற்றின் நடுவிலேயே விழுந்தேன். சாக்கடை ஓட்டை வழியாக ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு விழாவை நடத்தினார்கள். அடித்துப் போட்டவற்றையும் அறுத்துப் பார்த்துவிட்டு, பச்சை மணி இருக்கும் இடம் சரிதான் என்று புரொபசர் கையெழுத்துப் போட்டார். முதலாளி வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வாயில்லா ஜீவன்களிடம் காட்ட வேண்டிய கருணை பற்றி நெஞ்சுருகப் பேசினார். நான் கறை படிந்த வெள்ளைச் சேலையோடு கோப்பையை வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், விக்கல்தான் வந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. காதர் பாய் அந்த மழைக்காலம் முழுக்கச் சிரிக்கிற தவளைகளாகவே தைத்துத் தள்ளினார். சாலவாக்கம் வரைக்கும் பள்ளிகளில் கத்திக்கு ஓய்வு கிடைத்தது. அது நிஜம். அதனால் இந்தக் கதையைச் சொல்லி முழுசாக அழவும் முடியவில்லை, பெருமைப்படவும் முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் என் கணவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு என் சேலையைப் பார்த்தார்.

"கப்பு குட்த்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எத்தினி செத்துச்சி?"

கோப்பையை அவர் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். நடுவில் எப்போதோ சிரிப்பும் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன கிடைத்தாலும், பாட்டுப் போட்டியில் சோப்பு டப்பா வாங்கி வந்தாலும்கூட, முதல் கேள்வி அதுதான். எத்தினி செத்துச்சி?

பல வருஷம் கழித்து எங்கள் மகன் பம்பாயிலிருந்து டிரங்க் கால் போட்டான். மருந்து ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது என்றான். என் கணவர் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, "சந்தோசம்டா! எத்தினி செத்துச்சி?" என்றார்.

நானும் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எலிங்க, நைனா," என்றான். "எண்ணல."