பதினோரு சிவப்புச் சீட்டும் ஒரு கையெழுத்தும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வலது முழங்கால் நீங்கலாக நான் சௌக்கியம். என் மனைவியும் உங்கள் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் போனில், "பொண்ணு ராப்பகலா கஷ்டப்படுது சம்பந்தி. ஒரு கையெழுத்துதானே, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்களேன்" என்றீர்கள். பதில் சொல்லாமல் போனை வைத்தது மரியாதைக் குறைவுதான், மன்னிக்கவும். ஆனால் என்னிடம் அப்படிக் கேட்ட இரண்டாவது ஆள் நீங்கள். முதல் ஆள் எங்கள் தொழிற்சாலை மேனேஜர். அன்றைக்கே நாலாயிரம் போல்ட்டுகளை உருக்கத் திருப்பி அனுப்பினேன். முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். தொழிற்சாலையில் எனக்கு ‘ரிஜெக்ட்’ என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் மேஜையில் மிச்சமிருந்த, குறையுள்ள சரக்கில் குறையை எழுதி ஒட்டும் சிவப்புச் சீட்டுக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நடந்தது இதுதான். எனக்கு மூட்டு மாற்றிய ஆஸ்பத்திரிக்கு உங்கள் மகளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் கம்பெனிதான் உடற்பயிற்சிச் செயலி செய்துகொடுத்திருக்கிறது. அதில் இதுவரை கோட்டுப் படங்கள் மட்டும்தான் இருந்தன. படத்தைப் பார்த்து ஒருவர் நல்ல காலுக்கே இரண்டு மாதம் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஆகவே வீடியோ வேண்டும் என்று ஆஸ்பத்திரி கேட்டது. நோயாளி ஒருவர் மூன்று வாரம் செய்து பார்த்துத் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறொரு பெரிய கம்பெனிக்குப் போய்விடும். மற்ற நோயாளிகளைத் தேடி அலைய நேரமில்லை. வீட்டிலேயே ஒரு முழங்கால் சும்மா கிடந்தது. "மாமா, நீங்களே பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் உங்கள் மகள். உங்கள் மாப்பிள்ளை அவள் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

முதல் நாள், ‘காலைத் தூக்கிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள்’ என்று போட்டிருந்தது. தூக்கினேன், அழுத்தினேன். ஒரு வளையம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு நிமிடம் கால் அந்தரத்தில். சீட்டு ஒன்று எழுதி அவள் அறைக் கதவில் ஒட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "நெட் மெதுவா இருந்தா முதல்ல மங்கலா ஓடட்டும், அப்புறம் தெளியட்டும். நாளைக்கு மாத்திடறேன் மாமா" என்றாள். மறுநாள் உடனே ஓடியது, ஆனால் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபி அம்மாளுக்கு முகமே இல்லை. சீட்டு இரண்டு. முகம் வந்தது, குரல் உதட்டை விட்டுப் பின்தங்கியது. சீட்டு மூன்று. நான் ஒருக்களித்துப் படுத்தால் படமும் ஒருக்களித்தது; அதைப் பார்க்க நான் கழுத்தைத் திருப்ப, போனும் திரும்ப, படம் மறுபடி புரள, கட்டிலை நாங்கள் இருவருமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். உள்ளே வந்த என் மனைவி, "என்ன தேடறீங்க? கீழே ஏதாவது விழுந்துடுச்சா?" என்று குனிந்து பார்த்தாள். சீட்டு நாலு.

ஏழாவது சீட்டுதான் ஊரறிந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்பதை முக்கால் மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் வீடியோவை நிறுத்தாமலே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. திரை அணைந்தாலும் உள்ளே அந்த அம்மாள் ஓயவில்லை. திடீரென்று என் நெஞ்சிலிருந்து, "நல்லா மூச்சு விடுங்க. போதும். இப்ப மெதுவா உட்காருங்க" என்று கணீரென்று ஒரு குரல். செயலாளர் பேச்சைப் பாதியில் விட்டு உட்கார்ந்தே விட்டார். இரண்டு வருடமாக யாராலும் முடியாத காரியம் அது. படியிறங்கும்போது பொருளாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், அடுத்த கூட்டத்துக்கும் இதை அவசியம் கொண்டு வாங்க" என்றார். அதற்காகக் குறையைக் குறை என்று எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினேன்.

சம்பந்தி, இதற்குப் பிறகு நடந்ததை உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஒருநாள் காலை வீட்டில் யாரும் இல்லை. காலை மடக்கி நீட்டும் பயிற்சி. வீடியோ முடிந்ததும் தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடியது. நானும் மறுபடி செய்தேன். மிஷின் நிற்காமல் ஆள் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலைச் சட்டம். முப்பத்தொரு வருடம் மீறாததை இன்றைக்கா மீறுவேன்? அந்த அம்மாளும் விடவில்லை, நானும் விடவில்லை. ஐம்பது நிமிடம். உங்கள் மகள் வந்து பார்த்தபோது முழங்கால் பூசணி அளவுக்கு வீங்கி, நான் "நூத்தி எழுபது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போனைப் பிடுங்கி வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஐஸ் வைத்தாள். வைத்துக்கொண்டே அழுதாள். "தப்பு என்னோடது மாமா. எங்கே நிக்கணும்னு நான் அதுக்குச் சொல்லவே இல்லை" என்றாள். நான் செய்தது முட்டாள்தனம் என்று வீடே சொல்லிற்று, என் டாக்டர் உட்பட. அவள் ஒருத்திதான் தன் வேலையில் குறை தேடினாள். அந்த இடத்தில்தான் நான் அசந்து போனேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு போல்ட் வளைந்திருந்தால் கடைசல்காரர் இரும்பைச் சொல்வார், இரும்புக்காரர் மழையைச் சொல்வார். என் தப்பு என்று ஒரு ஆள் சொல்லி முப்பத்தொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.

அதுதான் பதினோராவது சீட்டு. இரண்டு நாளில் சரிசெய்துவிட்டாள். இப்போது பத்து எண்ணியதும் படம் நின்று, ‘போதும், ஓய்வெடுங்கள்’ என்று எழுத்து வருகிறது. நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே ஓடுகிறது. அதற்குப் பிறகும் பத்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். தலைகீழாக நின்றும் பன்னிரண்டாவது சீட்டுக்கு ஒரு குறை அகப்படவில்லை.

கல்யாணம் பேசியபோது, "போனை நோண்டறதெல்லாம் ஒரு வேலையா?" என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். சம்பந்தியம்மாவின் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வார்த்தையை இன்று எழுத்து மூலம் வாபஸ் வாங்குகிறேன். நேற்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘செயலி செய்தவர் உங்களுக்கு உறவா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஆம். என் மருமகள். கெட்டிக்காரி’ என்று எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். உங்கள் மாப்பிள்ளை, "அப்பா, அங்கே அவ்வளவு கேக்கலை" என்றான். கேட்டால்தான் சொல்ல வேண்டுமா? இனி அந்த ஆஸ்பத்திரியில் யார் கால் எழுந்து நடந்தாலும் அதற்கு என் கையெழுத்தே காரணம் என்று நான் சொன்னால் அது தற்பெருமை ஆகாது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இப்படி ஒரு பெண்ணை வளர்த்த உங்கள் இருவருக்கும் எல்லா மூட்டுகளும் நூறு வயது வரை வழுவழுப்பாக இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்துவிட்டது. உறவினர் கையெழுத்து செல்லாதாம். படிவத்தை ரிஜெக்ட் செய்துவிட்டார்கள்! என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் உங்கள் மகள் படிவத்தோடு பதினோரு சிவப்புச் சீட்டுகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அவற்றைப் படித்த பெரிய டாக்டர், "இப்படி ஒரு மாமனாரைச் சமாளிச்ச செயலிக்கு வேற டெஸ்ட் எதுக்கு?" என்று வேலையை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். ஆக, மேலே நான் பீற்றிக்கொண்ட கையெழுத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருக்கட்டும். அதை நான் ஆஸ்பத்திரிக்காகப் போடவில்லை என்று உங்கள் மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எனக்குத்தான் வாய் வரவில்லை.