ஜி-ஹூன் என்கிற கொளஞ்சியப்பன் சம்பந்திக்கு எழுதியது

வடக்கனந்தல்
12.2.2024

என் மதிப்புக்கும், போன வெள்ளிக்கிழமை வரை என் கோபத்துக்கும் உரிய சம்பந்தி சின்னராசு அவர்களுக்கு, வடக்கனந்தல் கொளஞ்சியப்பன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், வீட்டுக்காரி இருசம்மாளும், உங்கள் மகளும் என் மருமகளுமான அம்சவள்ளியும், ஐந்து மாதப் பேரனும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாடு கன்றும் நலமா? கிணற்று மோட்டார் நலமா? மோட்டாரை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது கீழே வரும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்த இரண்டாவது நிமிடமே "சம்மந்தி, டவர் இல்லிங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு டவர் வேண்டாம்.

முதலில் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். பேரனுக்கு என் பெயர்தான் வைத்திருக்கிறது! அரசாங்க முத்திரையோடு வைத்திருக்கிறது. நீங்கள் தோற்றீர்கள் என்று எழுத மரியாதை இடம் கொடுக்கவில்லை. ஜெயித்தது நான் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கடிதம் என்றால் முறையாக இருக்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து வருகிறேன். எங்கள் வம்சத்தில் ஆண்களுக்கு இரண்டே பெயர்கள். தாத்தா கொளஞ்சியப்பன், அப்பா முனியன், நான் கொளஞ்சியப்பன், என் மகன் முனியன். ஒருவர் விட்டு ஒருவர் இப்படியே வருகிறது. மகன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் சுங்குவார்சத்திரம் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்தும் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர் வரைக்கும் ஏறியிருக்கிறான். ஆக, அடுத்துப் பிறப்பவன் கொளஞ்சியப்பன் என்பதற்கு ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வளைகாப்பு அன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இன்னா சம்மந்தி, இந்தக் காலத்துல போயி கொளஞ்சியப்பன்னா பையன் பள்ளிக்கூடத்துலேந்து அழுதுகினே வருவான். ஸ்டைலா ஒரு பேர வெய்யிங்க" என்றீர்கள். அன்று சாப்பிட்ட வடை எனக்கு இன்றைக்கும் நெஞ்சிலேயே நிற்கிறது.

பிறகு குழந்தையின் பெயரைப் பதிவில் சேர்க்கப் போனோம். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அந்தக் குமாஸ்தா பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மகனுக்கு ஷிப்ட், வரவில்லை. அம்சவள்ளி, இருசம்மாள், குழந்தை, நான், நான்கு பேரும் போனோம். வாசலில் போனபிறகுதான் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கவில்லை என்று தெரிந்தது. பையோடு நான் எதிர்க்கடைக்குப் போனேன், அங்கே கரண்ட் இல்லை, அடுத்த கடைக்குப் போனேன், அங்கே எனக்கு முன்னால் நின்றவர் பூர்வீக சொத்துப் பத்திரம் மொத்தத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார், பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தித் தன் சித்தப்பாவைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்த நேரத்தில் உள்ளே நடந்ததை இருசம்மாள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

"கொயந்தைக்கு இன்னாம்மா பேரு?" என்று கேட்டிருக்கிறார் குமாஸ்தா.

"எங்க மாமனார் பேருதாங்க" என்றிருக்கிறாள் அம்சவள்ளி.

"மாமனார் பேரு இன்னா?"

அம்சவள்ளி தரையைப் பார்த்திருக்கிறாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? நீங்கள் வளர்த்த பெண், அந்த விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல முடியாது. குமாஸ்தா என் வீட்டுக்காரியைப் பார்த்து, "நீயாவது சொல்லும்மா" என்றிருக்கிறார். "கட்டின புருசன் பேர நான் எப்டிங்க சொல்றது?" என்று அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுவிட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, இருசம்மாள் ஒரு வழி கண்டுபிடித்து, "விருத்தாசலத்தாண்ட கோயில் கொண்டிருக்காரே, பிராது வாங்குற சாமி, அவரு பேரு" என்று துப்புக் கொடுத்திருக்கிறாள். நம் பக்கத்து ஆளாக இருந்தால் அந்த நிமிடமே கொளஞ்சியப்பர் என்று பிடித்திருப்பான். இவர் வெளிமாவட்டத்துக்காரர், வேலைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறதாம். "சரி, எழுதியாவது குடும்மா" என்றிருக்கிறார். "எழுதினாலும் சொன்ன மாதிரிதானேங்க" என்றிருக்கிறாள் உங்கள் மகள். "மாமனார் நம்பர் போன்ல இருக்குமில்ல, அதையாவது காட்டு" என்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட, அம்சவள்ளி போனில் என் நம்பரை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, "இதாங்க எங்க மாமா" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர் பார்த்து எழுதிக்கொண்டார். இருசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், கண்ணாடி வீட்டில் இருந்தது. சான்றிதழை வாங்கிய கையோடு லேமினேஷன் போட்டு, பேர் வைக்கிற அன்றுதான் வெளியே எடுப்பது என்று பீரோவில் பூட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நீங்களே சாட்சி. பேர் வைக்கிற அன்று, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, வெள்ளிமலையிலிருந்து தேன்கூட வந்திருக்க, காதில் பெயர் சொல்வதற்கு முன்னால் அரசாங்கச் சான்றிதழை ஊரறியப் படித்துவிடலாம் என்று ஆசைப்பட்டது நான்தான். மகன் வாங்கி, "ஜி... ஹூன்" என்று படித்தான். மறுபடி படித்தான். மூன்றாம் முறையும் அதுவேதான் வந்தது. "தடுப்பூசி பேரு மாதிரி கீது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கூட்டமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒருவர் மட்டும் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தீர்கள், சம்பந்தி. நான் பார்த்தேன். பெயர் சொல்வது அத்தோடு நின்றது. பந்தி மட்டும் நிற்கவில்லை, நீங்கள் கேசரி இரண்டு தடவை வாங்கிக்கொண்டதையும் பார்த்தேன்.

எனக்கு அன்று இரவெல்லாம் ஒரே எண்ணம்தான். என்னோடு ஒரு பெயர் முடிந்துபோகிறது. தாத்தா மண் வெட்டிப் பிழைத்தவர், எனக்கு அவர் விட்டுப்போனது நிலம் இல்லை, அந்தப் பெயர் ஒன்றுதான். அதைப் பேரனிடம் கொடுக்கத் துப்பில்லாதவன் ஆகிவிட்டேனே என்று அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இது உங்கள் வேலைதான், மகளைப் பிடித்து ஸ்டைல் பெயரை நுழைத்துவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். விடிந்ததும் பஸ் ஏறினேன். விருத்தாசலம் போய், மணவாளநல்லூர் போய், என் பெயர்கொண்ட சாமியிடமே, தியாகதுருகம் சின்னராசு பேரன் பெயரைக் களவாடிவிட்டார் என்று உங்கள் மேல் பிராது எழுதி, வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் மோட்டார் புகைந்துபோனதாகவும், கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கோட்டை மலைப் பக்கம் ஓடியதாகவும் கேள்விப்பட்டேன். மோட்டார் பழையது. மாடும் பொதுவாக ஓடக்கூடியதுதான். இருந்தாலும் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

இனி வெற்றிக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை என் போனைக் காணோம். அம்சவள்ளி மாவாட்டிக்கொண்டிருந்ததால், "நீங்களே போட்டுப் பாருங்க மாமா" என்று தன் போனைக் கொடுத்தாள். என் நம்பர் எனக்கு மனப்பாடம், அழுத்தினேன். திரையில் "ஜி-ஹூன்" என்று வந்தது. எவனோ ஒரு ஜி-ஹூன் என் போனைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று நான் கத்தவும், மக்காச்சோள மூட்டைக்கு அடியிலிருந்து என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"இன்னாம்மா இது?" என்று கேட்டேன்.

"உங்க பேர எப்டி மாமா போன்ல அடிக்கிறது? கண்ணாலமாகி மூணாம் நாளே அப்டி வெச்சிட்டேன். கொரியா நாடகத்துல வர்ற பேரு, எனக்கு ரொம்ப இஷ்டம். அன்னிக்கு அத்தினி பேரு முன்னால சொல்ல பயமாப் போச்சி" என்றாள், கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே.

சம்பந்தி, மூன்று வருடமாக நான் ஜி-ஹூன்! எனக்கே தெரியாமல் இந்த வீட்டில் நான் ஜி-ஹூனாக நடமாடியிருக்கிறேன், களை எடுத்திருக்கிறேன். குமாஸ்தா கேட்டது மாமனார் பெயர், அவர் எழுதியதும் மாமனார் பெயர்தான். பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தாகிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வைத்தியரிடம் போகிறேன் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார்கள். எடுத்த வண்டியை வீணாக்க வேண்டாம் என்று அதிலேயே சங்கராபுரம் வரை போய், கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கும் பெண்ணிடம், "இந்தப் பேர்ல உலகத்துல யார் யார் இருக்காங்கன்னு பாரும்மா" என்றேன். அச்சடித்துக் கொடுத்தது ஆறு பக்கம்! நடிகர் ஜி-ஹூன், அவருக்குக் கீழே இன்னொரு நடிகர் ஜி-ஹூன், பாட்டுக்கார ஜி-ஹூன், கால்பந்து ஜி-ஹூன்கள் ஒரு வரிசை, மட்டையால் பந்தை அடிக்கும் ஜி-ஹூன்கள் ஒரு வரிசை. குடும்பப் பெயரை மட்டும் முன்னால் கிம், லீ, பார்க் என்று மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் ஒரே பெயருக்குப் பல எழுத்துகள் உண்டாம், எந்த எழுத்தை எடுக்கிறோமோ அந்த அர்த்தமாம், பெற்றவர்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாமாம். நான் கொளஞ்சியப்பன் என்ற அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மற்றக் கொளஞ்சியப்பன்கள் இரண்டே பேர். ஒருவர் பஸ்ஸில் பல்செட்டை விட்டுவிட்டு வந்தவர், இன்னொருவர் அதைத் தேடிப் போனவர். ஆறு பக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தேன். அதில் கரும்பு விவசாயி ஒருவர்கூட இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பேனாவால் நானே எழுதிக்கொண்டேன்: ஜி-ஹூன், வடக்கனந்தல், கரும்பு, முன்னாள் வார்டு உறுப்பினர்.

மகன் இந்தக் கதையைத் தன் கொரியா மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்து முடித்துவிட்டு, தங்கள் ஊரிலும் பெரியவர்கள் பெயரைச் சின்னவர்கள் பட்டென்று வாயால் சொல்ல மாட்டார்கள், அப்பா பெயரைக் கேட்டால்கூட எழுத்து எழுத்தாகப் பிரித்து மரியாதையாகத்தான் சொல்வார்கள் என்றாராம். உங்கள் மகள் வளர்ப்பு கொரியா வரை செல்லும் என்பதை இதனால் தெரிவித்துக்கொள்கிறேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் மட்டும் அங்கே கிடையாது என்றும் சொன்னாராம். அது அவர்கள் கஷ்டம். குழந்தைக்கு அவர் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். உள்ளே கறுப்பாக, மெல்லிசாகத் தாள்கள். கார்பன் பேப்பர் என்று பத்திரங்களோடு பீரோவில் வைத்துவிட்டேன். அது தின்கிற கடல்பாசியாம், இப்போது பட்டாவெல்லாம் மீன் வாசனை அடிக்கிறது.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் சம்பந்தியம்மாவும் அவசியம் வர வேண்டும். எல்லோருமாக மணவாளநல்லூர் போய், உங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சாமி முன்னால் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு, அங்கேயே குழந்தையின் காதில் ஜி-ஹூன் என்று மூன்று முறை நான் சொல்லப்போகிறேன். ஸ்டைலான பெயர் கேட்டீர்கள், வைத்தாயிற்று. என் பெயரைக் கேட்டேன், அதுவும் வைத்தாயிற்று. ஆறு பக்கப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன், தியாகதுருகத்தில் நாலு பேருக்குக் காட்டவும். உங்கள் கிணறு வற்றாமலும், மாடு வீட்டிலேயே நின்றும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இறங்கியும் எல்லாம் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
ஜி-ஹூன் (கொளஞ்சியப்பன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், என் பெயர்கொண்டவரை ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று இருசம்மாளோடும் அம்சவள்ளியோடும் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தேன். நெட்டையாக ஒரு கதாநாயகன் வந்தான், அவன் பெயர் வேறு. அவன் தம்பி வந்தான், அவனும் இல்லை. யாரம்மா ஜி-ஹூன் என்று கேட்டேன். அப்போது கதாநாயகன் கதவைத் திறந்து "ஜி-ஹூன்!" என்று கூப்பிட, வெள்ளையாக ஒரு கிழ நாய் ஓடி வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் குரைக்கிறது. "குலைக்கும் மாமா, ஆனா யாரையும் கடிச்சதே இல்ல. நாடகத்துல எல்லாரும் அது மேல உசுரையே வெச்சிருக்காங்க" என்றாள் உங்கள் மகள். எனவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும், பட்டியலை யாருக்கும் காட்ட வேண்டாம், பிராது வாபஸும் நிறுத்திவைக்கப்படுகிறது. அந்த ஆறு பக்கத்திலும் நாய் இல்லை என்பதை மறுபடி சரிபார்த்துவிட்டேன்.

இதை எழுதி முடித்துக் கோபமாகக் களத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இருசம்மாள் வாசலில் நின்று, "ஜி-ஹூனு! சோறு ஆறிக்கினு கீது, வூட்டுக்கு வாங்க!" என்று கூப்பிட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஓடினேன், சம்பந்தி. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள்.