பஞ்சாயத்து எழுதிய இங்கிலீஷ் கட்டுரை

ஒரு இங்கிலீஷ் கட்டுரை எழுதுவதற்கு ஆள் கூட்டி, பாய் விரித்து, டீ வாங்கிக் கொடுத்த பெண் இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் பெரம்பலூரில் என் ரூம்மேட்டாக இருந்தாள் என்பதில் எனக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஹாஸ்டலில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எங்களுக்கு அவள் பஞ்சாயத்து.

நாங்கள் எல்லோரும் நர்ஸுகள். பகலில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை மாடியில் இங்கிலீஷ் கிளாஸ். வெளிநாட்டு வேலைக்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். மற்றதையெல்லாம் ஊதித் தள்ளிய பஞ்சாயத்து, கட்டுரையில் மட்டும் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தாள். "இன்னொரு தடவை பாரு. இல்லன்னா பேசாம ஊருக்கு வந்துடு, மாப்பிள்ளை பாக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஊர் எறையூர்ப் பக்கம். கரும்பு வெட்டு நேரத்தில், ஆலை வாசல் வரிசையில் யார் வண்டி முந்துவது என்று தகராறு வந்தால் அவள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்களாம். அவர் முதலில் இரண்டு தரப்புக்கும் டீ சொல்வார். தோற்றவன் என்று ஒருத்தன் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் சட்டம். மகள் அந்தச் சட்டத்தை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

படிப்பதற்குத் திமிங்கிலத்தைப் பற்றி ஒரு பாடம் கொடுத்தால், எங்களுக்கு இரண்டாவது வரியிலேயே தூக்கம் வரும். அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இதுல யாருக்கும் யாருக்கும்டி தகராறு?" என்பாள். திமிங்கிலத்துக்கும் கப்பல்காரனுக்கும் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், அத்தனை கேள்விக்கும் பதில் வந்துவிடும். சொற்களையும் அவள் மனப்பாடம் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒரு ஆள் தலையில் கட்டிவிடுவாள். 'ரிலக்டன்ட்' என்றால் திங்கட்கிழமை காலையில் டியூட்டிக்குக் கிளம்ப மனசில்லாத நான். 'ஸ்டபர்ன்' என்றால் இரண்டாவது கரண்டி சாம்பார் கேட்டால் பிடிவாதமாகத் தராத வார்டன் அக்கா.

ஒரு நாள் அக்காவே பிடித்துவிட்டார்.

"அது என்னாடி, என்னைப் பாத்தா ஸ்டபர்னு ஸ்டபர்னுங்கிறீங்க?"

"மனசுல உறுதியானவங்கன்னு அர்த்தம்க்கா" என்றாள் பஞ்சாயத்து, கண் சிமிட்டாமல். அன்று எல்லோருக்கும் அப்பளம் கிடைத்தது.

கட்டுரைக்குத்தான் பெரிய கச்சேரி. 'ஆன்லைன் வகுப்பு நல்லதா, பள்ளிக்கூடம் நல்லதா? இரு தரப்பையும் எழுதி உன் கருத்தைச் சொல்' என்று கேள்வி வரும். ரூமில் பாதிப் பேரை இந்தப் பக்கமும் மீதிப் பேரை அந்தப் பக்கமும் உட்கார வைப்பாள். ஃப்ளாஸ்க்கில் டீ வரும். துப்பட்டாவை அப்பாவின் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் உட்காருவாள். நாங்கள் தொண்டை கட்டும்வரை சண்டை போடுவோம். அதையெல்லாம் கேட்டுவிட்டு எழுதுவாள் பாருங்கள், இரண்டு தரப்பும் வாய்க்கால் தண்ணீராக ஓடும். கடைசிப் பத்தியில்தான் கவிழ்ப்பாள். 'போத் ஆர் குட். தே ஷுட் லிவ் டுகெதர்.'

இங்கிலீஷ் கிளாஸ் சார் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"ஏம்மா, உன் கருத்து எங்கம்மா?"

"அதான் எழுதியிருக்கனே சார்."

"இது சமாதானம்மா! ஏதாவது ஒரு பக்கம் சாயணும்."

"அதெப்படி சார்? நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சணும்ல?"

"ஆன்லைன் கிளாஸு எங்கம்மா தண்ணி பாய்ச்சுது?"

தேர்வு நெருங்கியபோது எங்கள் சண்டைச் சத்தமும் ஏறியது. ஒரு சாயங்காலம் வார்டன் அக்கா கதவை உதைக்காத குறையாக வந்து நின்றார். "இனிமே இங்க பஞ்சாயத்து நடந்துச்சு, அத்தனை பேரும் ரூமைக் காலி பண்ணுங்க!"

"படிக்கிறது தப்பா?" என்று நான் எகிறினேன். பஞ்சாயத்து என்னை உட்காரச் சொன்னாள். அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். "சொல்லுங்கக்கா."

"என்னத்தடி சொல்றது? விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு உங்களுக்கு இட்லி ஊத்துறேன். சாயங்காலம் ஒரு சீரியல் பாக்குறேன். அதுல அவ அழுவுறாளா சிரிக்கிறாளான்னுகூட கேக்க வுட மாட்டேங்கிறீங்க."

எங்கள் தரப்பில் நான் பேசினேன். பரீட்சை, எதிர்காலம், வெளிநாடு என்று பிய்த்து உதறினேன். இருவரும் நல்லவர்கள், சேர்ந்து வாழுங்கள் என்ற வழக்கமான தீர்ப்புக்காகக் காத்திருந்தோம். பஞ்சாயத்து துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

"தப்பு நம்ம மேலதான். அக்கா பக்கந்தான் நியாயம்."

"அடிப்பாவி! நீ எந்த ரூம்டி?" என்று கத்தினேன்.

"ஒரு நாளுல அவங்களுக்குன்னு இருக்கறது அந்தக் கொஞ்ச நேரந்தான்டி. அதையும் நாம புடுங்கிக்கிட்டா எப்படி?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு இடுப்பிலிருந்து மொட்டை மாடிச் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார். "அங்க போயி எம்புட்டு வேணா கத்துங்கடி."

பஞ்சாயத்து அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் சாஞ்சும் யாரும் தோக்கலடி" என்றாள் ஆச்சரியமாக. அன்றே அந்த வழக்கை இங்கிலீஷில் கட்டுரையாக எழுதினாள். கடைசிப் பத்தியில் 'இன் மை ஒப்பீனியன், தி வார்டன் இஸ் ரைட்' என்று இருந்தது. சார் அதை மாடி அதிர வாசித்தார். கீழே உரம் வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

தேர்வில் பாஸானாள். வார்டன் அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்து, "எங்க ஹாஸ்டல் பொண்ணு" என்றார். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக்கூட விட்டுவைக்காமல், "என் ரூம்மேட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பியவளைச் சென்னை ரயில் ஏற்றிவிட அரியலூர் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். ரயில் தாமதம். சும்மா இருப்போமா? பேப்பர் கப்பில் டீ வாங்கி, பிளாட்பாரத்திலேயே கூட்டிவிட்டோம். பஞ்சாயத்து போகலாமா, கூடாதா? பாதிப் பேர் போ என்றார்கள். நான் போகாதே கட்சி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் அவள் பெட்டியை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"தீர்ப்பைச் சொல்லுடி" என்றேன்.

இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குடி."

"இப்படி எழுதினா மார்க்கு போயிடும்."

"போனா போவுது" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.