இரண்டாம் ஓலையில் எழுந்த தடை

சேசு மரி சூசை

தூத்துக்குடி, 6.11.1947

கொழும்பிலிருக்கும் மகா கனம் பொருந்திய மச்சான் செபாஸ்டின் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் பவுல் மச்சாது எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதாமல் மற்றதை எழுதக்கூடாது என்பதால் எழுதினேன். உங்கள் தங்கை அமலோற்பவம் நான்கு நாளாகக் கஞ்சி குடிக்கவில்லை, நான் குடித்தும் இறங்கவில்லை.

விஷயம் நம் மகள் விக்டோரியாவின் கலியாணம். புன்னைக்காயலில் தோணி ஓட்டும் தண்டல் மகனுக்குப் பேசி முடித்து, கோயிலில் கலியாண ஓலை வாசிக்கக் கொடுத்தோம். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டியதில் முதல் ஞாயிறு நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் ஞாயிறு பங்குச்சாமியார் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லக் கடவர்கள் என்றார். நம் கோயிலில் அதற்கு இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை, கோயில்பிள்ளைகூட அந்த நேரத்தில் மெழுகுதிரியைக் கவனிக்கப் போய்விடுவார். அன்றைக்குப் பார்த்து, பெண்கள் பக்கத்திலிருந்து கருவாட்டு வியாபாரம் செய்யும் அந்தோணியம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"சாமி, இந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே தாலி கட்டியாச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"எங்கே பார்த்தாய்?"

"டாக்கிக் கொட்டகையில சாமி. ஒருக்கா இல்ல, நாலு வாட்டி பாத்தேன். நாலு வாட்டியும் கட்டுனான்."

பங்குச்சாமியார் ஆயுளில் டாக்கி பார்த்தவரல்ல, பார்க்கக்கூடாது என்று பிரசங்கம் வைக்கிறவர். பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, தாலி கழுத்தில் ஏறியதா என்றார். ஏறியது, ஆனால் நடிப்பு என்றேன். மேளம் அடித்தார்களா என்றார். அடித்தார்கள், அதுவும் நடிப்பு என்றேன். பெண் அழுதாளா என்றார். அழுதாள் சாமி, அழுகிறதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஊரே பார்த்ததாகச் சொல்கிறது, நீர் ஒருவர்தான் பொய் என்கிறீர், நீரும் அங்கே இல்லை" என்றார். மூன்றாம் ஓலை நின்றுபோயிற்று.

உங்களுக்குத் தெரியாததா மச்சான். ஏழு வயதில் நீங்கள்தான் அவளைக் கையைப் பிடித்து, டாக்கியில் நடிக்க மதராஸுக்குக் கூட்டிப்போனீர்கள். பாலிய விவாகம் கூடாது என்று புத்தி சொல்ல எடுத்த படம் அது, அந்தோணியம்மாளுக்குப் புத்தி போய்ச் சேரவில்லை, கலியாணம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று டாக்கியில் பேபி விக்டோரியா அழுதாள். மூன்றாவதில் முன்பல் விழுந்து, மெழுகில் பல் செய்து ஒட்டிக்கொண்டு அழுதாள். பத்து வயதில், பேபி வளர்ந்துவிட்டது என்று கம்பெனியார் ஒரு கார்டு போட்டார்கள். அதற்குள் யுத்தம். பிலிம் தட்டுப்பாட்டில் சர்க்கார் படங்களின் நீளத்தைக் குறைக்கச் சொன்னபோது சின்னப் பிள்ளைகளின் பாட்டையும் அழுகையையும்தான் முதலில் வெட்டினார்கள். யுத்தம் முடிந்தபோது நம் பேபிக்குத் தாவணி கட்டியாயிற்று. ஆனால் ஊர் விடவில்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளை முன்னால் உட்காரவைத்து, "ஏளா, படத்துல அழுத மாதிரி அழு" என்கிறார்கள். போய் அழுதுவிட்டு வா என்று அனுப்பியவன் நான். அதில் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இப்போது தண்டல் வந்து, "அண்ணாச்சி, மூணாம் ஓலை வாசிக்கட்டும், அப்பறம் பந்தக்கால் பாப்போம். இல்லன்னா மணப்பாட்டுல ஒரு பொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதக் கடைசியில் கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணமே கிடையாது. ஆகவே மச்சான், படத்தில் மாப்பிள்ளையாக வந்தது பையனல்ல, சீனித்தாய் என்ற பெண்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டி உட்காரவைத்தார்கள் என்றும், தாலி தகரத்தில் வெட்டிப் பொன்நிறம் பூசியது என்றும், கூட இருந்து பார்த்த சாட்சியாக எழுதி, அங்குள்ள சாமியார் முன் கையெழுத்துப் போட்டு, அடுத்த தோணியில் கொடுத்தனுப்பவும். விக்டோரியா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள். மூன்று டாக்கியிலும் இப்படி அழுததில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

மதினிக்கு எங்கள் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்களைக் கடலிலும் கரையிலும் கைவிடாதிருப்பாளாக.

இப்படிக்கு,
பவுல் மச்சாது

பி.கு.: பொழுது சாய்ந்து எனக்குக் கண் மங்கியதால் மேல்விலாசம் எழுதச் சொல்லி விக்டோரியாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். முழுக்க வாசித்துவிட்டு, "அப்பா, அந்தோணியம்மாள் அத்தைய எழும்பச் சொன்னது நான்தான்" என்றாள். ஏன் என்றேன். சொன்னாள்: "டைரக்டர் அழுன்னாரு, அழுதேன். கம்பெனி போன்னுச்சு, வந்துட்டேன். சாவு வீட்டுக்கு நீங்க போகச் சொன்னிய, போனேன். இதுக்காவது என்னைய ஒரு வார்த்த கேப்பியன்னு இருந்தேன்." அப்படியானால் நான்கு நாளாக அழுதது என்றேன். "அது நெசம்ப்பா" என்றாள். சரி, உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். பதினேழு வருஷத்தில் இதைக் கேட்டது இன்றைக்குத்தான். "தெரியலப்பா. யாரும் கேட்டதில்ல. யோசிக்கணும்" என்றாள்.

யோசிக்கட்டும் மச்சான். நீங்கள் சாட்சி எழுதவேண்டாம். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் நானே போகிறேன். இந்த விவாகத்துக்குத் தடை உண்டு, பெண்ணின் சம்மதத்தை நான் கேட்கவில்லை என்று சொல்லப்போகிறேன்.