மழைப்பாட்டின் மறுபாதி

சென்னையில் நாற்பது வருடங்களாக நடந்த அத்தனை கச்சேரிகளையும் நடத்தியவர் ஒரே ஒருவர்தான். அவர் மேடை ஏறியதே இல்லை. பின்வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதி, நாலாக மடித்து முன்னால் அனுப்புவார். கை மாறிக் கை மாறி அது மேடைக்குப் போகும். வித்வான் பிரித்துப் பார்ப்பார், தலையசைப்பார், அடுத்த பாட்டு அவர் கேட்ட பாட்டாக இருக்கும். அந்த ஒரு தலையசைப்பு கிடைத்துவிட்டால் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்.

சீட்டு மாமா என்றால் மந்தைவெளியில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் கேஸ் சிலிண்டர் ரசீதில் மட்டும் புழங்கியது. ஏலச்சீட்டு நடத்துகிறார் என்று நம்பி சேர வந்தவர்களும் உண்டு. நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் அவர் இரண்டாம் மாடி, நான் தரைத்தளம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வாய் மூடாமல் பேசுவார். வெளியில் பெரிய மனிதர் எதிரே வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றுக்கும் சீட்டு. சலூனில் சீட்டு, பஸ் கண்டக்டருக்குச் சீட்டு, கல்யாணப் பந்தியில் சமையல்காரருக்குச் சீட்டு. ஒருமுறை பழக்க தோஷத்தில் சொந்தச் சமையலறைக்கே, "ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருக்கட்டும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? வாயைத் திறந்து சொல்லுங்கோளேன்!" என்று மாமி போட்ட சத்தம் என் வீட்டுப் பாத்திரங்களில் எதிரொலித்தது.

இந்தச் சீட்டு சாம்ராஜ்யத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு கச்சேரிக்கு ஒரு சீட்டு. "ரெண்டாவது சீட்டு அனுப்பினா அதுக்குப் பேர் ரசனை இல்லை ஓய், பிச்சை" என்பார். நான் பத்திரிகைக்காரன் என்பதால் என்னை "ஓய் பத்திரிகை" என்றுதான் கூப்பிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளைக்கார ராக் பாடகருக்கு உயிரையே கொடுப்பார் என்று யாராவது நினைப்பார்களா? கொடுத்தார். எண்பதைத் தொடப் போகிற அந்தப் பாடகரை எங்களுக்குள் "துரை" என்றே சொல்வோம். மாமா குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஒரு சாயங்காலம், ரேடியோவில் சிற்றலையில் செய்தி தேடித் திருகும்போது துரை வந்து மாட்டிக்கொண்டார். மழையைப் பற்றிய பாட்டு. மாமா அப்படியே உறைந்துபோனார். பாட்டு பாதியில் இருக்கும்போது நிஜமாகவே மழை வந்து, இடி இடித்து, ஸ்டேஷன் காணாமல் போய்விட்டது.

வேறு யாராக இருந்தாலும் மறுநாள் கேசட் வாங்கி மீதியைக் கேட்டிருப்பார்கள். மாமாவும் கேசட் வாங்கினார். ஆனால் பாதி வந்ததும் நிறுத்திவிட்டார். "மறுபாதியைத் துரை வாயால நேர்ல கேட்டாதான் உண்டு" என்று சபதம்! நாற்பது வருடமாகப் பாதிப் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒருமுறை தி.நகரில் ஒரு துணிக்கடையில் மாமிக்குப் புடவை பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. பாதி நெருங்கியதும் மாமா காதைப் பொத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தார். அதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று இன்னும் பத்துப் பேர் ஓட, பனகல் பார்க் வரை ஒரு சின்ன ஊர்வலமே போனது. மாமி அதற்குள் இரண்டு புடவை எடுத்துவிட்டார்.

கஜா அறிமுகமானதும் இந்தச் சபதத்தால்தான். கஜாவுக்கு வீடு ஊரூர் ஒல்காட் குப்பம் என்கிற மீனவர் குப்பத்தில், பெசன்ட் நகரில் மைக்செட் கடை. வடபழனியில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கஜா தன் சொந்த ஆசைக்கு துரையின் மழைப்பாட்டைப் போட்டுவிட்டான். பந்தியிலிருந்து பாயசக் கறையோடு ஒரு சீட்டு வந்தது: "பாதியில் நிறுத்தவும்." கஜா நிறுத்திவிட்டு ஆளைத் தேடிக்கொண்டு பந்திக்கே வந்துவிட்டான்.

"யாரு நைனா இது? புடிக்கலன்னா முழுசா நிறுத்த சொல்லணும், புடிச்சா முழுசா வுட சொல்லணும். இதென்னா பாதி?"

மாமா விஷயத்தைச் சொன்னார். கஜா அவர் பக்கத்திலேயே இலை போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அடையாறு டெப்போ பக்கத்து டீக்கடையில் எங்கள் மூவர் மன்றம் கூட ஆரம்பித்தது.

துரை உலகச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார், அதில் சென்னையும் உண்டு என்ற செய்தி வந்த அன்று மாமா டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டார். இந்தப் பயணத்தில் மழைப்பாட்டை எல்லா ஊரிலும் பாடுவதில்லை, ரசிகர்கள் கேட்டால் பாடுகிறார் என்று தெரிந்ததும் இன்னும் கொண்டாட்டம். கேட்பதற்குத்தானே மாமா பிறவி எடுத்திருக்கிறார்!

ஒரே ஒரு சிக்கல், துரையின் அரசியல். ஒவ்வோர் ஊரிலும் கச்சேரி நடுவில் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். சண்டை போடாதே, வீடுகள் மேல் குண்டு போடாதே, குண்டு விற்காதே என்று தன் சொந்த நாட்டு அரசாங்கத்தையே கிழிகிழியென்று கிழிப்பார். ஓர் ஊரில் பாதிக் கூட்டம் எழுந்து போனது. இன்னோர் ஊரில் அரங்கமே தர மாட்டேன் என்றார்கள்.

"பாட வந்தா பாடணும். பல்லவி நடுவுல வித்வான் எலெக்‌ஷன் பத்திப் பேசினா ஒத்துப்போமா? பேச்சு வேணும்னா மீட்டிங் போட்டுக்கட்டுமே" என்றார் மாமா.

"நீ இன்னா மாமா இப்டி பேசிக்கினு கீற! பாட்டு என் கடைலயே கீது, தெனம் கேக்கறேன். நான் போறதே அவரு பேசறத கேக்கத்தான்."

"நோக்கு அவர் இங்கிலீஷ் புரியுமாடா?"

"புரியலன்னா இன்னா? கோவம் புரியுது இல்ல?"

மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஆடின. நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டி, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். கடைசியில் மாமா, "எங்கேயோ இருக்கிற ஊர் சண்டை, நமக்கு என்னடா வந்தது?" என்றார்.

கஜா டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்க அக்கா வூடு ஆத்தோரம் இருந்துச்சி மாமா. ஒரே நாள்ல இடிச்சி, சட்டி பானையோட தூக்கி ஊருக்கு வெளிய போட்டாங்க. அன்னிக்கி ஒரு ஆளு, ஒரே ஒரு பெரிய ஆளு, மைக்க புடிச்சி 'ஏன்டா வூட்ட இடிக்கிற'ன்னு கேட்டானா? நான் எத்தினி மேடைக்கு மைக் கட்டிக்கீறேன், ஒருத்தன் கேக்கல. இந்தத் தொர கேக்கறாரு. எந்த ஊரு வூடா இருந்தா எனக்கு இன்னா?"

மாமா டீயை ஆறவிட்டுவிட்டு எழுந்துபோனார்.

கச்சேரிக்குச் சில நாள் இருக்கும்போது செய்தி வந்தது. சென்னையில் துரை பாட மட்டும் செய்வார், பேச மாட்டார். விளம்பரம் கொடுக்கிற ஏதோ ஒரு கம்பெனி அப்படிக் கேட்டுக்கொண்டதாம், ஏற்பாட்டாளர்களும் சரி என்றார்களாம். வெற்றி மாமாவுக்குத்தான், ஆனால் அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. கஜா, "பேசாத தொரய பாக்க நான் இன்னாத்துக்கு வரணும்? என் டிக்கெட்ட யாருக்காச்சும் குடுத்துடு" என்று சொல்லிவிட்டான். மாமா என் கையில் ஒரு சீட்டு கொடுத்து அவன் கடைக்கு அனுப்பினார். அதில் "வா" என்று மட்டும் இருந்தது.

வந்தான்! நந்தனம் மைதானத்து வாசலில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். "தொரைக்காவ வர்ல. நாப்பது வருசம் கழிச்சி மறுபாதிய கேக்கறப்ப உன் மூஞ்சி எப்டி கீதுன்னு பாக்க வந்தேன்" என்றான். மாமா பட்டுக்கரை வேஷ்டியில் வந்திருந்தார், கையில் விசிறி. சுற்றிலும் தரமணி ஐ.டி. கும்பல், கிழிந்த ஜீன்ஸ். மாமாதான் அங்கே ஃபேஷன் என்று நினைத்து நாலு பேர் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

துரை மேடைக்கு வந்தார். அடேயப்பா, அந்தச் சத்தம்! நந்தனமே நடுங்கியது. எண்பது வயதுக் குரலா அது? மாமா தொடையில் தாளம் போட்டுப் போட்டு வேஷ்டியைக் கசக்கினார். நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக முழங்க ஆரம்பித்ததும் பக்கத்து வரிசைகள் பாப்கார்ன் வாங்க எழுந்தன. மாமா பூரித்துப்போனார். "பார்த்தேளா, எந்த ஊர் சங்கீதமா இருந்தா என்ன, தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா எல்லாரும் காண்டீன்தான்!"

பாட்டுக்குப் பாட்டு துரை தண்ணீர் குடித்தார், மைக்கைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போனார். சொன்ன சொல் தவறவில்லை. பார்க்கவே என்னவோபோல இருந்தது. கஜா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா ஜிப்பா பையிலிருந்து சீட்டை எடுத்தார். சுற்றுப்பயணம் அறிவித்த அன்றே எழுதி, மாமி கையால் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் வைத்திருந்த சீட்டு. மழைப்பாட்டைக் கேட்கிற சீட்டு. மாமா முன்வரிசையைப் பார்த்தார். பிறகு கஜாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சீட்டைக் கிழித்தார்.

"மாமா! என்ன பண்றேள்?" என்று நானே அலறிவிட்டேன்.

அவர் புதுத்தாளை முழங்காலில் வைத்து, ஆபீஸ் இங்கிலீஷில் எழுதினார். "ஐயா, தயவுசெய்து பேசவும். இப்படிக்கு, மந்தைவெளி ரசிகன்." நாலாக மடித்து முன்னால் இருந்த பெண்ணின் தோளைத் தட்டினார்.

"என்ன அங்கிள் இது?"

"முன்னாடி அனுப்பும்மா. அவாளும் முன்னாடி அனுப்பணும்."

அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் சபா சீட்டைப் பார்த்ததில்லை. இருந்தாலும் அனுப்பினார்கள். ஒருவன் தோளில் ஏறியிருந்தவன் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுத்தான். தலைகளுக்கு மேல் அந்த நாள்காட்டித் தாள் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தடுப்புக்கட்டை ஓரம் நின்ற காவலாளி வாங்கினார். நம் ஊரில் மேடைக்கு அவசரமாகச் சீட்டு போனால் என்ன அர்த்தம்? யாரோ காரை வழியில் நிறுத்தியிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லி அறிவிக்க வேண்டும். அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் துரை கையிலேயே கொடுத்துவிட்டார்.

துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். கூட்டத்தை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத் தலையசைத்தார்.

துரை கிடாரைக் கழற்றினார், பேசினார். மேடை ஓரத்தில் கோட்டு போட்ட நாலு பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். கொஞ்சம் பேர் ஊளையிட்டார்கள், நிறையப் பேர் கைதட்டினார்கள். மாமா கஜாவின் காதில் வாயை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வீடுங்கறது சுவர் இல்லையாம்டா. ஒரு குழந்தை தூங்கற இடமாம். அதை இடிக்க எவனுக்கும் உரிமை கிடையாதுங்கறார். எந்த ஊர் வீடா இருந்தாலும்ங்கறார்." கடைசி வரியைத் துரை சொன்னாரா, மாமாவே சேர்த்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். கஜா புதுச்சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

துரை அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் பேசினார். பேசி முடித்து ஒரு பாட்டு பாடுவதற்குள் அனுமதி கொடுத்த நேரம் முடிந்து மைதானத்து விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். மழைப்பாட்டு இல்லை.

"இன்னா மாமா இப்டி பண்ணிட்ட! இன்னோரு சீட்டு வுட்ருக்கலாம்ல?" கஜா அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஒரு கச்சேரிக்கு ஒண்ணுதான்டா" என்றார் மாமா. பிறகு விமர்சனமும் சொன்னார். "பேச்சு கொஞ்சம் நீளம். ஆனா சுருதி சுத்தம்."

மறுநாள் காலை பால்காரர் வந்து போன நேரம். எங்கள் தெருவில் குட்டியானை என்கிற மினிலாரி ஒன்று வந்து நின்றது. மேலே கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் கஜா. மழைப்பாட்டைப் போட்டான். மந்தைவெளி மொத்தமும் விழித்துக்கொண்டது. யார் வீட்டில் கல்யாணம் என்று பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். பாட்டு பாதி வந்ததும் கஜா டக்கென்று நிறுத்தினான். அவனுக்குத்தான் சபதம் தெரியுமே.

இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து கீரை வாங்குகிற கூடை கயிற்றில் இறங்கியது. அதில் நாலாக மடித்த ஒரு தாள். கஜா பிரித்து, என்னிடம் காட்டினான்.

"மீதியையும் போடு."

கஜா நிமிர்ந்து பார்த்தான். மேலே மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் மாமி. கஜா பெரிய வித்வானைப்போல மெதுவாகத் தலையசைத்தான். அப்புறம் பாட்டை முழுசாக விட்டான்.

மாமாவும் மாமியும் இப்போது புனேயில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். துரை மறுபடி கிளம்பப்போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது, நாங்கள் இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறோம், சண்டையில் ருசியே இல்லை. அதனால் இந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து, முன்னால் அனுப்புகிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து கை மாற்றிக் கை மாற்றி அவரிடம் சேர்த்துவிடுங்கள்: மாமா, வா.